குமரேசனின் பழைய கம்ப்யூட்டரை ஏற்றியது

சர்வீஸ் பெஞ்சுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி எது என்று எனக்குத் தெரியும். "அக்கா, எவ்வளவு வரைக்கும் ஏத்தலாம்?" கேட்டுவிட்டு, நான் லாட்டரி நம்பர் சொல்லப் போவதுபோல என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். "எவ்வளவு நேரம் தாங்கும்?" என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. யாராவது கேட்டிருந்தால் இதை எழுதும் வேலை எனக்கு மிச்சமாகியிருக்கும்.

நான் ஓய்வு பெற்றதும் முதலாளி, "மல்லிகா தாய், பச்சோங்க்கே லியே குச் லிக் தோ" என்றார், அதாவது மல்லிகா அக்கா, பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று. தமிழ்ப் பிள்ளைகள் நான்கைந்து பேர் இருக்கிறீர்கள், எனக்கும் எழுத வருவது தமிழ்தான், அதனால் தமிழில் எழுதுகிறேன். மற்றவர்களுக்கு நீங்களே படித்துச் சொல்லுங்கள். உங்களில் சிலர் எழுத்துக்கூட்டித்தான் படிப்பீர்கள். நல்லதாயிற்று, அவசரக்காரர்களுக்கு இந்த வேலை லாயக்கில்லை.

நான் இந்த மராத்திச் சீமையில், கட்கியில் பிறந்து வளர்ந்தவள். அப்பா வெடிமருந்துத் தொழிற்சாலையில் இருந்தார். "கம்ப்யூட்டர் பார்க்க ஆள் இல்லையா, ஒரு பொம்பளை உட்கார்ந்திருக்கே" என்று நிக்டியில் நம் கடை வாசலில் இருந்தே திரும்பிப் போனவர்கள் உண்டு. அவர்களில் பாதிப் பேர் பிற்பாடு மிஷினைத் தூக்கிக்கொண்டு என்னைத் தேடி வந்தார்கள். நான் ஏற்றிக் கொடுத்த மிஷின் ஒன்றுகூட எரிந்து திரும்பி வந்ததில்லை. இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வருகிறது. வரட்டும், உழைத்துச் சம்பாதித்த தலைக்கனம்.

ஏற்றுவது என்றால் ஓவர்கிளாக்கிங்தான். தயாரித்தவன் வைத்துக் கொடுத்த வேகத்துக்கு மேலே பிராசசரையும் கிராபிக்ஸ் கார்டையும் ஓட வைப்பது. ஒவ்வொரு படியாக வேகத்தைக் கூட்டி, ஓட்டிப் பார்த்து, சூட்டைப் பார்த்து, அடுத்த படிக்குப் போவது. எந்த இடத்தில் எதை அமுக்குவது என்று நான் சொல்லப் போவதில்லை. அது உங்கள் மொபைலில் கொட்டிக் கிடக்கிறது, ஆளாளுக்கு வீடியோ போட்டிருக்கிறார்கள். அந்த வீடியோக்களில் இல்லாத ஒன்று இருக்கிறது. ஏற்ற வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "இந்தக் கம்ப்யூட்டர் உங்க வீட்டுல எங்க இருக்கு?" என்பதுதான். ஒருவர் துணி பீரோவுக்குள் என்றார். இன்னொரு அம்மாள் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். அந்த ஃபேனில் ஆறேழு வருஷத்துத் தாளிப்பு எண்ணெய் அப்பியிருந்தது. இரண்டு பேரையும் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டேன். நம் பெஞ்சில் குளுகுளுவென்று ஓடுவது பெரிய காரியம் இல்லை. மிஷின் குடியிருப்பது அவர்கள் வீட்டில்.

குமரேசனிடமும் இதையே கேட்டேன். அவன் சிரித்தான். "ஹால்லதான்க்கா வெச்சிருக்கேன். எங்க வூட்டுலயே நல்ல காத்து வர்ற எடம் அது. எனக்கு ஜன்னல் இல்ல, அதுக்கு இருக்கு."

குமரேசனும் கட்கிக்காரன்தான், வேலூர்ப் பக்கத்துக் குடும்பம். தளேகாவ் பக்கம் ஒரு வண்டித் தொழிற்சாலையில் டெஸ்ட் டிரைவராக இருந்தவன். புது வண்டிகளைச் சந்தைக்கு விடுவதற்கு முன்னால் மலையிலும் மேட்டிலும் மழையிலும் ஓட்டி, எங்கே கோளாறு என்று சொல்வது அவன் வேலை. ஒரு சோதனை ஓட்டத்தில் வண்டி கவிழ்ந்து இடுப்பு முறிந்தது. கைத்தாங்கியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான். பெடல் மிதிக்கக் காலில் பலம் இல்லை. வேலை போய்விட்டது. மனைவி வசந்தா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், கோயம்புத்தூர்க்காரி, அவள் சம்பளத்தில் வீடு நடந்தது.

அவன் கொண்டுவந்தது பழைய மிஷின். வசந்தாவின் தம்பி விளையாடிவிட்டு விட்டுப்போனது. ஆனால் நல்ல ஜாதிப் பிராசசர், ஏற்ற இடம் கொடுக்கும் வகை. அதில் ஸ்டீயரிங்கை மாட்டி, பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் கையால் இயக்குவதுபோல மாற்றிக்கொண்டு, கம்ப்யூட்டரில் வண்டி ஓட்டிப் பழகியிருந்தான். வெளிநாட்டில் ஒரு கம்பெனி, டிரைவிங் பழகுகிறவர்களுக்காகக் கம்ப்யூட்டர் வண்டிகள் செய்கிறது. நிஜ வண்டியைப் போல நடந்துகொள்கிறதா என்று ஓட்டிப் பார்த்துச் சொல்ல வீட்டிலிருந்தே வேலை செய்யும் டெஸ்ட் டிரைவர் அவர்களுக்கு வேண்டும். ஆளைத் தேர்ந்தெடுக்க ஒரு மலைப்பாதை ஓட்டம் வைத்திருந்தார்கள். அவர்கள் இணையத்தில் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். சொந்த மிஷினில், படம் வெட்டாமல் ஓட்டிக் காட்ட வேண்டும். குமரேசன் மிஷினில் வளைவுக்கு வளைவு படம் நின்று நின்று வந்தது. புதிது வாங்க வழியில்லை.

"அக்கா, எனக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்றான். "யாராச்சும் இன்னா வேலை பண்றேன்னு கேட்டா, டெஸ்ட் டிரைவர்னு சொல்லணும். வூட்டுல சும்மா கீறேன்னு சொல்லிச் சொல்லி வாய் புளிச்சுப் போச்சு."

அந்த ஓட்டம் ஆயுத பூஜையன்று சாயங்காலம் என்று குறித்திருந்தார்கள். அவர்களுக்கு நம் பண்டிகை எங்கே தெரியப் போகிறது!

தூசி தட்டி, சூட்டைக் கடத்தும் பேஸ்டை மாற்றி, பவர் சப்ளையைச் சோதித்து, முதலில் பிராசசரை ஏற்றினேன். அது தங்கமாக நடந்துகொண்டது. பிறகு கார்டு. படிப்படியாகப் போய் ஒரு படியில் படம் வெண்ணெய்போல ஓடியது. குமரேசன் கடையிலேயே ஸ்டீயரிங்கை மாட்டி ஓட்டினான். பக்கத்து மொபைல் கடைக்காரர்கள்கூட வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். "க்யா பாத் ஹை!" என்று ஒருவர் கைதட்ட, குமரேசன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

நான் அந்தப் படியிலிருந்து மூன்று படி கீழே இறக்கினேன்.

"இன்னாக்கா பண்றே?" பதறிவிட்டான். "நல்லாத்தானே ஓடிக்கினு இருந்துச்சு!"

"இங்க ஏசி ஓடுது. உன் வூட்டுல அக்டோபர் வெயில் அடிக்கும். பழைய கார்டு, வயசான உடம்பு. இது போதும்."

"நான் வண்டிய எல்லை வரைக்கும் ஓட்டிப் பாத்தவன்க்கா. அதான் என் தொழிலே."

"எல்லை எங்கேன்னு தெரிஞ்சிக்கத்தானே ஓட்டுவே? அங்கியே குடித்தனம் பண்ணுவியா?"

அவனுக்குக் கோபம். எனக்கும்தான். பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: வாடிக்கையாளர் கைதட்டலில் மயங்கி உச்சப் படியில் மிஷினை விட்டுக் கொடுக்காதீர்கள். கைதட்டியவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள், சூடு போகாது. குறைந்த வேகத்துக்குத் தகுந்தாற்போல் படத்தைக் குறைத்துக் கொடுத்தேன். நிழலை எடுத்தேன், மரங்களைக் குறைத்தேன், ரோட்டோரம் நின்று கையசைக்கும் கூட்டத்தை மொத்தமாகத் துரத்தினேன். பாதையும் வண்டியும் தெளிவாக, வெட்டாமல் ஓடின.

"ஒரு ஜனம் இல்லாத ரோட்டுல ஓட்டணுமா நானு?" என்று முணுமுணுத்தான்.

"ஊர்வலமா போறே? டெஸ்ட்டுதானே!"

அவனோடு கூட வந்திருந்த வசந்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கேபினெட்டை மூடித் திருகு முடுக்கி, ரிக்‌ஷாவில் ஏற்றி அனுப்பினேன். பூஜைக்கு வீட்டுக்கு வரச் சொன்னார்கள்.

ஆயுத பூஜையன்று மதியத்துக்கு மேல் அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே சாம்பிராணி மணம். உள்ளே போய்ப் பார்த்தால், பிள்ளைகளே, அப்படி ஒரு அலங்காரத்தை நான் எந்தக் கம்ப்யூட்டருக்கும் பார்த்ததில்லை. ஸ்டீயரிங்குக்குச் சந்தனம் குங்குமம். மேஜைக்காலடியில் எலுமிச்சம்பழம். மானிட்டருக்கு ஒரு மாலை, கேபினெட்டுக்கு இன்னொரு மாலை, சாமந்தியைக் கனமாகக் கட்டிய பெரிய மாலை. விபத்துக்குப் பிறகு அவன் வண்டிக்குப் பூஜை போடுவது இதுதான் முதல் தடவை. வேட்டி கட்டி, நெற்றியில் விபூதி இட்டு, மாப்பிள்ளை மாதிரி ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்திருந்தான். எனக்கே கண் கலங்கியது. பூஜை முடிந்ததும் ஆயுதத்தைத் தொடக் கூடாது என்பார்கள். வெளிநாட்டுக்காரன் குறித்த நேரமாயிற்றே என்று சாமியிடம் சொல்லிவிட்டு மிஷினைப் போட்டிருந்தார்கள்.

ஓட்டத்துக்குக் கொஞ்ச நேரமே இருந்தது. கம்பெனிக்காரர்கள் இருவர் திரையின் ஓரத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். குமரேசன் தன் மைக்கை அடைத்துவிட்டு, அவர்கள் கொடுத்த வண்டியை அடிவாரத்தில் ஓட்டிப் பழகிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் எனக்குக் காதில் விழுந்தது. ஃபேன் ஓடும் சத்தம் அல்ல அது. எதிலோ உரசி, திக்கி, மறுபடி உரசும் சத்தம்.

"குமரேசா, இன்னா சத்தம் அது?"

"ஃபேனுதான்க்கா. மேல் படியில வெச்சிருக்கேன், அதான் கத்துது."

"மேல் படியா? யாரு வெக்கச் சொன்னது?"

"நானேதான் வெச்சேன்" என்றான், திரும்பிக்கூடப் பார்க்காமல். "உன் பின்னாடியேதானே குந்திக்கினு இருந்தேன், எனக்கு அந்த நம்பரு தெரியாதா? இன்னிக்கு ஒரு நாளுக்கா. இன்னிக்கு ஓடினா போதும்."

கேபினெட்டின் பக்கவாட்டுக் கதவைக் காணோம். நான் முடுக்கிய திருகெல்லாம் ஒரு கிண்ணத்தில் கிடந்தன. உள்ளே, கிராபிக்ஸ் கார்டின் மேல், அதன் இரண்டு ஃபேன்களின் நடு மொட்டில், அழகாகச் சந்தனப் பொட்டு.

"வேண்டாங்கன்னு சொன்னேனுங்க்கா" என்றாள் வசந்தா. "வண்டின்னா பானட்டத் தொறந்து இன்ஜினுக்கும் பொட்டு வெக்கோணும், வெளிய டப்பாவுக்கு வெச்சா யாருக்குச் சேரும்னு ஒரே புடிவாதம்."

கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. எந்த டிரைவரும் அதைத்தான் செய்வான். திறந்த பக்கத்தில் தொங்கிய மாலையின் நுனி நூல் உள்ளே இழுபட்டு, ஒரு ஃபேனின் கழுத்தில் சுற்றியிருந்தது. அந்த ஃபேன் சுழலவில்லை, துடித்துக்கொண்டிருந்தது. அவன் வைத்திருந்ததோ உச்சப் படி. திரையில் வானத்தில் பச்சைப் புள்ளிகள் ஒன்றிரண்டு மின்னின. சூட்டைக் காட்டும் எண் நான் பார்க்கப் பார்க்க ஏறியது.

"நிறுத்து தம்பி. உடனே நிறுத்து."

"முடியாதுக்கா! அவங்க வந்துட்டாங்க, பாரு. இப்ப நிறுத்தினா வேற ஆளப் பாத்துக்கினு போய்டுவாங்க. கொஞ்ச நேரம் தாங்கும். கார்டு போனா போவட்டும்!"

என் கை சுவரில் இருந்த ஸ்விட்சுக்குப் போய்விட்டது. அமுக்கியிருந்தால் கார்டு பிழைத்திருக்கும். ஆனால் அவன் வேலை என் கையால் போயிற்று என்று ஆயுசுக்கும் நினைத்திருப்பான். அமுக்காமல் விட்டாலும் நடு மலையில் படம் உறைந்து, கம்பெனிக்காரன் கண் முன்னாலேயே மானம் போயிருக்கும். எனக்குத் தெரிந்த அந்த இரண்டாவது விஷயம் அவனுக்கும் தெரிய வேண்டும். கையைக் கீழே இறக்கினேன்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. மலையில டெஸ்ட் ஓட்டிக்கினு கீறே. ஆபீசருங்க மேல நின்னு பாக்குறாங்க. சூட்டு முள்ளு செவப்புக்குப் போவுது. இன்னா பண்ணுவே?"

அவன் கேபினெட் பக்கம் தலையைச் சாய்த்தான். உரசல் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டான். அதுவரை அவன் அதைக் கேட்கவே இல்லை என்று நினைக்கிறேன். பிறகு மைக்கைத் திறந்தான்.

"சார், ப்ராப்ளம் இன் மை வெஹிக்கிள். ஐ ஆம் ஸ்டாப்பிங். ப்ளீஸ் வெயிட்."

அவர்கள் பதில் சொல்வதற்கு முன்னாலேயே மிஷினை அணைத்துவிட்டான்.

அதற்கப்புறம் நான் வேலை செய்த வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஏற்றத் தெரிந்தவளுக்கு இறக்கவும் தெரியும் என்று காட்டினேன். வசந்தாவின் புருவம் திருத்தும் இடுக்கியை வாங்கி நூலைப் பிடுங்கினேன். அந்த ஃபேனின் கழுத்து கெட்டுவிட்டிருந்தது, இனி சுற்றாது. மிச்சம் ஒரே ஃபேன். ஆகவே கார்டுக்கு ஏற்றிய வேகம் அத்தனையையும் கழற்றி, தயாரித்தவன் வைத்த வேகத்துக்கும் கொஞ்சம் கீழே கொண்டுவந்தேன். பிராசசருக்குத் தனி ஃபேன், அது ஆரோக்கியமாக இருந்தது; அதன் வேகத்தைத் தொடவில்லை. சந்தனத்தைத் துடைத்தேன். மாலைகளைக் கழற்றிச் சாமி படத்துக்குப் போட்டேன். வசந்தா படுக்கையறையிலிருந்து டேபிள் ஃபேனைத் தூக்கி வந்து திறந்த பக்கத்துக்கு நேராக வைத்தாள். படத்தில் மிச்சமிருந்த அழகையும் பறித்தேன். மலை அட்டையில் வெட்டியதுபோல் ஆயிற்று. ரோடு மட்டும் ரோடாக இருந்தது.

இணைப்பு திரும்ப வந்தபோது கம்பெனிக்காரர்கள் போகவில்லை. ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

குமரேசன் ஓட்டினான். நான் ரோட்டைப் பார்க்கவில்லை, சூட்டு எண்ணை மட்டும் பார்த்தேன். ஏறியது, ஓரிடத்தில் நின்றது, அங்கேயே நின்றுகொண்டது. படம் ஒரு வளைவில்கூட வெட்டவில்லை. மலை இறங்கி முடித்ததும் அவன் சொன்னான்: இந்த வண்டியின் பிரேக் பொய், இவ்வளவு இறக்கத்தில் நிஜ பிரேக் சூடேறிப் பிடிமானம் குறையும், உங்கள் வண்டி கடைசி வளைவிலும் முதல் வளைவைப் போலவே பிடிக்கிறது, இதில் பழகுகிறவன் நிஜ மலையில் செத்துப்போவான். உடைந்த இங்கிலீஷ்தான். அவர்கள் இருவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

ஒருவர் கேட்டார், முதலில் ஏன் நிறுத்தினாய், அப்படியே ஓட்டியிருக்கலாமே என்று.

குமரேசன் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். "முன்னாடி ஒரு தடவ பிரேக் தீயுற வாசனை வந்துச்சு சார். இன்னும் ஒரு ரவுண்டு தாங்கும்னு நெனச்சேன். அதுக்கப்புறம் கைத்தாங்கி இல்லாம நான் நடக்கல."

சுண்டல் தட்டோடு சமையலறை வாசலில் நின்றிருந்த வசந்தாவின் காதில் அது விழுந்தது. பிரேக் திடீரென்று அறுந்தது என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தான். தட்டைக் கீழே வைத்துவிட்டு அவன் பக்கத்தில் வந்தாள்.

"இத ஏனுங்க எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா திட்டுவே."

"திட்டத்தானுங்க செய்வேன்!" என்று சொல்லிவிட்டு அவன் தலையைத் தன்னோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அழுதாள். மைக் திறந்தே இருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். "டொமஸ்டிக் டிஸ்கஷன், சார்" என்றான் குமரேசன். அழுதுகொண்டிருந்தவளே சிரித்துவிட்டாள். நானும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

வேலை கிடைத்தது. மறுநாள் தசராவன்றே சொல்லிவிட்டார்கள்.

பண்டிகை முடிந்து கடை திறந்ததும் ரிக்‌ஷாவில் மிஷினோடு வந்து இறங்கினான். கையில் ஒரு பெட்டி பேடா. பழைய கார்டு ஒன்றிலிருந்து நல்ல ஃபேனைக் கழற்றி அவன் கார்டுக்கு மாட்டினேன். சோதித்தேன். இரண்டு ஃபேனும் சத்தமில்லாமல் சுழன்றன. பழையபடி ஏற்ற முடியும், முதலில் நான் வைத்துக் கொடுத்த படிக்கு. கை வைக்கப் போனேன். குமரேசன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். உச்சப் படி கேட்கப் போகிறான், சண்டைக்குத் தயாராக இரு மல்லிகா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"அக்கா" என்றான். "இது இனிமே சோறு போடுற வண்டி. தினம் ஓட்டணும். நீ வெச்சதுக்கும் ஒரு படி கீழ எறக்கினா ஓடுமா?"

எத்தனையோ பேர் என்னைப் பாராட்டியிருக்கிறார்கள். கடை ஆண்டு விழாவில் மாலைகூடப் போட்டிருக்கிறார்கள். இந்தக் கேள்விக்கு முன்னால் அதெல்லாம் ஒன்றுமே இல்லை.

"ஓடும்டா தம்பி" என்றேன். "ராஜா மாதிரி ஓடும்."